சரிங்கம்மா என்று சொல்லும் செயலி

காலை வணக்கம் சொல்வதைக் குற்றமென்று சொல்லும் ஊர் எதையும் நான் பார்த்ததில்லை. உங்கள் ஊரிலும் அப்படி இருக்காது என்றுதான் நினைக்கிறேன், அம்மணி. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை சற்றுத் தூக்கலாக இருக்கும். செமாராங்கில் கசப்பாக எதையும் விருந்தாளிக்குக் கொடுக்கமாட்டோம்.

என் செயலியை உங்கள் குறுஞ்செய்தித் தளத்திலிருந்து நீக்கினீர்கள். திரும்பச் சேர்க்கும்படி நான் எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று தொடங்கும். கீழே ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அது உங்கள் பெயர்தானா என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். இப்போது நீங்களே சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறி வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவே பெரிய மரியாதை.

கசியெம் அம்மா விஷயத்தையும் கேட்பீர்கள் என்று தெரியும். வெள்ளத்தன்று வாசலில் படகு நின்றது, ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்த அம்மா ஏன் ஏறவில்லை என்பதுதான் இப்போது ஊர் முழுக்கக் கேள்வி. ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. முறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். குறுக்கே கேட்க வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் பெயர் பிரசோஜோ. ஜோஹார் சந்தையில் பாத்திக் துணிக் குவியல்களுக்கு நடுவில் வளர்ந்தவன். என் அம்மாவுக்கு அங்கே ஒரு கடை இருந்தது. வாங்க வந்தவள் விலை கேட்டதும் நெஞ்சில் கைவைத்தால், அதுதான் பேரம் தொடங்கிய இடம். அவள் எழுந்து நாலு கடை தாண்டிப் போனால் பேரம் முக்கால்வாசி முடிந்தது என்று அர்த்தம். எங்கள் சந்தையில் முதலில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவரை நாங்கள் நேர்மையானவர் என்று சொல்வதில்லை. பாவம், ஊருக்குப் புதுசு என்போம்.

உங்கள் தளத்தின் விதிகளை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அந்தச் சந்தை வாசனைதான் அடித்தது. 'வெளியார் செயலிகள் ஒருபோதும் செய்யக்கூடாதவை' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். முதல் விலையை எப்போதும் உரக்கத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

செயலிக்குப் பெயர் சுங்கெம். பெருநாளன்று பெற்றவர்கள் முன் மண்டியிட்டு, அவர்கள் முழங்காலில் நெற்றியை வைத்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்போமே, அந்தச் சடங்கின் பெயர். ஜகார்த்தாவில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு வருடம் முழுக்க மண்டியிட நேரம் ஏது? நேரம் இருந்தாலும் மொழி ஏது? பெரியவர்களிடம் பேசுவதற்கென்றே எங்கள் ஜாவா மொழியில் தனியாக ஓர் உயர்ந்த நடை உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது வராது. அம்மாவிடம் பேசுகிறேன் என்று ஆரம்பித்து, ஆட்டுக்குட்டியை விரட்டுகிற தொனியில் முடிப்பார்கள். அந்த வெட்கத்தாலேயே பல பேர் எழுதுவதை விட்டுவிட்டார்கள். என் செயலி அந்த உயர்ந்த நடையில், பிள்ளையின் பெயரிலேயே, காலையில் ஒரு வணக்கமும் மாலையில் சாப்பிட்டாயிற்றா என்று ஒரு விசாரிப்பும் அனுப்பும். வாசகங்களை எழுதிக் கொடுத்தவள் ரத்ரி. அரண்மனை நாடகங்களுக்கு வசனம் எழுதும் குடும்பத்துப் பெண். நாக்கு மட்டும் மீன் சந்தை நாக்கு.

உங்கள் விதிகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு செய்திக்கும் அனுப்புகிறவரின் ஒப்புதல் வேண்டும் என்கிறீர்கள். கல்யாணத்தில் ஒரு தடவைதான் சம்மதம் கேட்கிறார்கள், தினமும் காலையில் எழுப்பிக் கேட்பதில்லை. நானும் சேரும்போது ஒரு தடவை கேட்டேன். போதும் என்று தோன்றியது.

இது தானாக அனுப்பப்பட்ட செய்தி என்று தெளிவாக அறிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. அதை நான் மீறவே இல்லை. ஒவ்வொரு வணக்கப் படத்தின் விளிம்பிலும் அந்த வாசகம் முழுதாக இருக்கிறது, பழைய ஜாவா எழுத்தில், கொடியும் பூவுமாகப் பின்னி. கரைபோட்ட மாதிரி பார்க்க அழகாக இருக்கும். இன்று அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்றால் அது கல்வித் துறையின் கவலை.

பெறுகிறவர் நிறுத்து என்றால் நிறுத்திவிட வேண்டும். இது உங்கள் ஊர்க்காரர் எழுதியது என்று வாசித்ததுமே தெரிந்தது. எங்கள் வீட்டில் விருந்தாளி முதல்முறை வேண்டாம் என்றால் பசிக்கிறது என்று பொருள். இரண்டாம் முறை வேண்டாம் என்றால், நல்ல பசி. 'போதும் கண்ணு, ஏன் வீணா செரமப்படுற' என்று ஒரு தாய் எழுதினால், அதை நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வளர்ப்பு சரியில்லாத பிள்ளை செய்கிற காரியம். என் செயலி நல்ல வளர்ப்பு.

உரையாடலை மட்டும் நான் கொஞ்சம் தாராளமாகச் செய்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். அம்மாக்கள் வணக்கத்துக்குப் பதில் எழுதத் தொடங்கினார்கள். ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் வராவிட்டால் முகம் வாடிவிடாதா? நோன்பு மாதத்தில், புண்ணிய காலம் என்று, செயலியே பதிலும் சொல்லும்படி திருப்பிவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பரிசை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் என்ன சுவை? அம்மாவின் உரையாடல் பிள்ளையின் கண்ணில் பட்டு வேலையைக் கெடுக்காதபடி பின்னால் ஒதுக்கி வைப்பதையும் செயலியே பார்த்துக்கொண்டது.

என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குக் குழப்பமே வரவில்லை. எங்களிடம் 'இங்கி' என்று ஒரு சொல் உண்டு. சரிங்க, ஆகட்டுங்க, உத்தரவு, எல்லாம் அதில் அடக்கம். பெரியவர் எதைச் சொன்னாலும் இங்கி. செய்யப்போகிறோமா என்பது வேறு விஷயம். அது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். சரிங்கம்மா என்றால் உங்கள் சொல் என் காதில் விழுந்தது, உங்கள் மனம் நோகவேண்டாம் என்று மட்டும்தான் பொருள். என் செயலி அதை எந்த மகனையும்விடப் பதமாகச் சொன்னது.

கசியெம் அம்மா பந்தர்ஹர்ஜோவில் திருக்கை மீனைப் புகைபோட்டு விற்றவர். கடலோரம். ராப் என்று கடல்நீர் ஏறி வந்து தெருவில் நின்றுவிட்டுப் போகும். அங்கே வீட்டுக்கு வீடு மண்ணடித்துத் தரையை உயர்த்திக்கொண்டே போவார்கள், கூரையை உயர்த்தக் காசிருக்காது. கடைசியில் வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளேயும் குனிந்தே நடக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பணிவு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த வீடுகளைப் போய்ப் பார்க்கலாம்.

மகன் குரித்னோ ஜகார்த்தாவில் ஓர் அலுவலகத்தில் மேலாளர். நல்ல பையன். இந்தப் பெருநாளுக்கு மனைவி வீட்டுக்குப் போய்விட்டதால் அம்மாவைப் பார்க்க வரவில்லை. அந்த மனக்குறையில்தான் சுங்கெமில் சேர்ந்தார். அந்த அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. புகைக் கொட்டகையில் மீன் திருப்புகிற பெண்களிடமெல்லாம் போனை நீட்டியிருக்கிறார்.

"பாருங்கடி, எம்புள்ள எழுதுறத. முன்னெல்லாம் ம், ஓகேன்னு ரெண்டெழுத்துல முடிச்சிருவான். இப்ப ராசா வீட்டுப் புள்ளையாட்டம் எழுதுறான்."

"ஜகார்த்தா போனா புள்ளைங்க கெட்டுப்போவும்பாங்க. ஒம்புள்ள திருந்திட்டான் போ," என்றாளாம் ஒருத்தி.

"பொண்டாட்டி சொல்லிக் குடுத்திருப்பா," என்றாளாம் இன்னொருத்தி.

"அவளா? அவளுக்கு எம்பேரே சரியா வராது."

இப்படிச் சிரித்திருக்கிறார்கள். இந்தச் சிரிப்புக்கு உங்கள் விதிகளில் எங்காவது மதிப்பு போட்டிருக்கிறீர்களா என்று தேடினேன். இல்லை.

வெள்ளம் வந்த அன்றைக்கு மதியம் என் அலுவலகத்தின் முன்னறையில் ஜகார்த்தாவிலிருந்து வந்த மூன்று பேர் லும்பியா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய நிறுவனம். சுங்கெமை மொத்தமாக வாங்க வந்திருந்தார்கள். செயலியின் மேல் ஒரு புகார்கூட இருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் நிபந்தனை. இருக்கவுமில்லை. அம்மாக்கள் எங்கே புகார் செய்வார்கள்?

பின்னறையில் ரத்ரி உரையாடல்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபத்தான செய்தி எதுவும் வந்தால் உடனே ஒரு மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அதற்காகச் சில சொற்களைச் செயலியிடம் கொடுத்து வைத்திருந்தோம். தீ, ரத்தம், காப்பாத்து, இந்த மாதிரி. கசியெம் அம்மா அதில் ஒரு சொல்லைக்கூடப் பயன்படுத்தவில்லை. எப்படிப் பயன்படுத்துவார்? வளர்ப்பு அப்படி. அந்த உரையாடலை நான் மனப்பாடமாகவே சொல்வேன்.

'இன்னைக்குக் கொஞ்சம் தண்ணி உள்ள வந்துருச்சு கண்ணு. பரவால்ல, தரை கழுவுற வேல மிச்சம்' என்று எழுதியிருந்தார்.

'சரிங்கம்மா. உடம்பப் பாத்துக்கங்க.'

'கட்டில் காலு மறஞ்சுபோச்சு. நீ வேலையப் பாரு, சும்மாதான் சொன்னேன்.'

'சரிங்கம்மா. சீக்கிரமே வந்து ஒங்கள வணங்கிக்கிறேன்.'

'இன்னைக்கேவா கண்ணு?'

'சரிங்கம்மா.'

'ஒனக்குப் பிடிச்ச மீன மேல பரண்ல எடுத்து வச்சிருக்கேன். நனையாது.'

'சரிங்கம்மா.'

கவனியுங்கள், ஒரு வார்த்தை பிசகவில்லை. மரியாதைக் குறைவாக ஓர் எழுத்து இல்லை. தன்னை வந்து அழைத்துப் போ என்று அவர் எங்குமே கேட்கவில்லை. போன் போட்டுக்கூடக் கூப்பிடவில்லை, மகன் வேலையாக இருப்பான் என்று. கேட்காததைக் கொடுக்கவில்லை என்று என் செயலியைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரத்ரி முன்னறைக்கு வந்து என்னைச் சட்டையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, இதப் படிங்க. இந்தம்மா வீட்டுக்குள்ள தண்ணி. மகன் வர்றான்னு உக்காந்திருக்கு. வர்றேன்னு சொன்னது நம்ம மெஷினு."

"ராப்தானே. ஏறுன மாதிரி இறங்கிரும்."

"இது ராப் இல்ல. கடக்கரைச் சுவரு ஒடஞ்சுபோச்சாம். பந்தர்ஹர்ஜோ ஆளுங்க குரூப்ல எல்லாம் கதறுறாங்க. அந்தாளுக்குப் போனப் போடுங்க."

"போட்டு? ஒங்கம்மாகூட பெருநாள்லேர்ந்து நீ பேசலப்பா, நாங்கதான் பேசிக்கிட்டிருக்கோம்னு சொல்லவா? மூணு பேரு முன்னறைல கைய தொடச்சுக்கிட்டுப் பேனாவ எடுக்குற நேரத்துலயா?"

"ஆமா. அதத்தான் சொல்லணும்."

"சொல்லலாம். வெல படியட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒங்களுக்கும் ஒரு அம்மா இருக்குல்ல?"

"இருக்காங்களே. அவங்களுக்கும் சுங்கெம்தான் போவுது."

இதைக் கேட்டதும் அவள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டாள். "நீங்க வெல பேசுங்க. அந்தாளு நம்பரையாவது குடுங்க." 

நம்பரை நான் கொடுக்கவில்லை. பயனரின் எண்ணை ஊழியருக்குக் காட்டக்கூடாது என்பது உங்கள் தளத்தின் விதி. அந்த ஒரு விதியை மட்டும் நான் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றி வந்திருக்கிறேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ரத்ரி பைக்கை எடுத்துக்கொண்டு வடக்கே போனாள். ரயில் பாதையைத் தாண்டியதுமே தண்ணீர், போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. வேலைக்கு அவள் திரும்பி வரவில்லை. நல்ல கை. இன்னும் அப்படி ஒருத்தி கிடைக்கவில்லை.

அதே நேரத்தில் அங்கே தெருத் தலைவர் சுகிர்மான் மீன்பிடிப் படகு ஒன்றைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இழவு வீட்டில் அவரே சொல்லக் கேட்டேன். 

"ஏறு கசியெம், ஏறு. படகு வாடகையெல்லாம் கேக்கமாட்டேன், பயப்படாத."

"எம்புள்ள வர்றாங்க. வந்து பூட்டுன கதவப் பாத்தா பதறிப்போயிருவான்."

"அவன் நீந்தியா வருவான்? பள்ளிவாசல் மாடில போய் உக்காந்துக்கிட்டு அவனுக்குச் சொல்லு."

"ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் இருங்க."

படகில் ஏற்கெனவே குழந்தைகள். சுகிர்மான் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். கட்டிலின் மேல் ஏறி நின்று, கூரையில் தலை இடிக்காமல் குனிந்தபடி, போனைப் பார்த்து அந்த அம்மா சிரித்தாராம். "கெண்டல் தாண்டிட்டானாம். இந்தா வந்துருவான். நீங்க புள்ளைங்களக் கொண்டுபோய் விடுங்க" என்றாராம். கெண்டல் எங்கள் ஊருக்கு முந்தின ஊர், பக்கம்தான். சுகிர்மான் குழந்தைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் சுவரின் மிச்சமும் போய்விட்டது. சந்துக்குள் படகு நுழைய முடியவில்லை. அந்த வீட்டில் தரைக்கும் கூரைக்கும் இடையே அதிக இடம் இல்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா.

விலை அன்று மாலையே படிந்தது. நல்ல விலை. பிறகு நீங்கள் செயலியை நீக்கியதால் அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள், அது வேறு கதை.

ஏழாம் நாள் ஓதல் முடிந்ததும் குரித்னோ என்னைத் தேடி வந்தார். சவரம் செய்யாத முகம். நான் சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார். இன்னும் இரண்டு முறை சொன்னேன். மூன்று முறையும் வேண்டாம் என்றார். அப்போதுதான் ஆள் சரியில்லை என்று புரிந்தது. போனை மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, நான் ஒங்களத் திட்ட வரல. ஒதுக்கி வச்சிருந்த பேச்சையெல்லாம் எடுத்துப் பாத்தேன். சரிங்கம்மா, சரிங்கம்மான்னு இருக்கே, அது ஒங்க மெஷின்னு தெரியுது. இந்தக் கடைசிய மட்டும் சொல்லுங்க. இத மெஷினா எழுதுச்சு?"

பார்த்தேன். 'கெண்டல் தாண்டிட்டேன் அம்மா. படகுல ஏறாதீங்க. நீங்க அங்கயே இருங்க, நான் வந்து என் கையால ஒங்கள எறக்குறேன்' என்று இருந்தது.

"இல்ல தம்பி. மெஷின் இத எழுதல," என்றேன். ஒரு மகனிடம் அந்த நேரத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்ப நானா எழுதுனேன்? அன்னைக்கு மதியம் பூரா மீட்டிங். ஒரே நேரத்துல இருபது பேருக்குப் பதில் போட்டுக்கிட்டிருந்தேன். என்னமோ ஏதோன்னு இதையும்…"

"வேல நெருக்கடில யாருக்குப்பா எல்லாம் ஞாபகம் இருக்கும்," என்றேன்.

இப்போது தானே எழுதியதாக எல்லோரிடமும் சொல்லி அழுகிறாராம். வாரா வாரம் ஜகார்த்தாவிலிருந்து வந்து, கல்லறைப் பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றியை மண்ணில் வைத்து மன்னிப்புக் கேட்கிறாராம். பெருநாளுக்கே வராத பிள்ளை. இதற்காகத்தானே நான் செயலியைச் செய்தேன் என்று ஒரு கணம் மனம் நிறைந்துபோனது. இதை வெளியில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். அன்று போன சரிங்கம்மாக்கள் எல்லாம் தானியங்கிதான். அனுப்புகிறவரின் ஒப்புதல் இல்லை, அறிவிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தேன், மனிதரிடம் ஒப்படைக்கவில்லை. எல்லாம் என் குற்றம். எத்தனை நாள் தடை என்று சொல்லுங்கள், பேரம் பேசாமல் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கடைசிச் செய்தியையும் என் செயலியின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். 'படகு வந்துருக்கு கண்ணு, ஏறட்டுமா, ஒனக்காக இருக்கட்டுமா' என்று அந்த அம்மா கேட்டபோது செயலி வழக்கம்போல இன்னொரு சரிங்கம்மாவை எடுத்துக்கொண்டு தயாராகத்தான் நின்றது. அந்த அம்மா படகில் ஏறிப் பள்ளிவாசலுக்குப் போனால் யாராவது ஜகார்த்தாவுக்குப் போன் போடுவார்கள், நான் வரவே இல்லையே என்பார் மகன், முன்னறைக்காரர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். அதனால் செயலியை நிறுத்தினேன். பக்கத்தில் யாரும் இல்லை. என்னிடம் இருந்த மிக நல்ல மொழியில், ஒரு பிழையும் இல்லாமல், என் விரலால் எழுதி நானே அனுப்பினேன். ஒரு தாய்க்குப் போன செய்தியை ஒரு மனிதன் கைப்பட எழுதியிருக்கிறான், அம்மணி. அதில் உங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை.